கை ஆடினாலும் படம் ஆடாது

“பாதுகாப்புத் திட்டமும் சேர்த்துப் போட்டுரட்டுமாம்மா? ரெண்டு வருஷத்துக்கு நிம்மதியா இருக்கலாம்” என்று கேட்ட கடைப்பெண் பர்வீன், பதிலுக்கு நிற்காமல், கைபேசிப் பெட்டியை எடுத்து வர மாடிப்படி ஏறிவிட்டாள்; கேள்வி மட்டும் கீழேயே தங்கிவிட்டது. கண்ணாடி மேசைக்கு இந்தப் பக்கம், சுழல் நாற்காலியில், வலது கையை இடது கையால் மடிக்குள் பொத்தி வைத்திருந்த ஆவுடைநாயகிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பொதுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் இழப்பீட்டுப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவளிடம், அவள் வேலைக்குச் சேர்ந்தபோது பிறந்தே இராத ஒரு பெண் நிம்மதி விற்கிறாள். விற்கட்டும். பாளையங்கோட்டையில் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு இந்த மின்சாதனக் கடையைவிடக் குளிர்ச்சியான இடம் வேறில்லை. வெளியே பங்குனி வெயில் தாரை இளக்கிக்கொண்டிருந்தது, உள்ளே சுவர் நிறைய அடுக்கியிருந்த தொலைக்காட்சிகளில் ஒரே தாமரை நாற்பது முறை விரிந்துகொண்டிருந்தது. ‘இந்தா வந்துட்டேன்’ என்று போன கணவர் குற்றாலநாதனின் வழுக்கைத் தலை, துணி துவைக்கும் இயந்திரங்களுக்கு நடுவில் ஒருமுறை மின்னி மறைந்தது. அவர் எதையும் வாங்கப் போவதில்லை. ஒவ்வொன்றின் மூடியையும் திறந்து பார்ப்பார், எதற்கு எத்தனை வருட வாரண்டி என்று விசாரிப்பார், மனத்தில் குறித்துக்கொள்வார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற அந்த மனிதருக்கு வாரண்டி என்பது ஒரு பக்தி. வீட்டில் ரிமோட்டுக்குப் பாலித்தீன் உறை. சாப்பாட்டு மேசை நாற்காலிகளில் கடையில் சுற்றிக் கொடுத்த தாள் இன்னும் அப்படியே இருக்கிறது. கோடையில் தொடை ஒட்டும், எழுந்தால் பிய்த்துக்கொண்டு வரும், கிழிக்க மட்டும் விட மாட்டார். வாரண்டி அட்டைகளுக்கென்றே ஒரு தனிக் கோப்பு. அதில், செத்துப் பதினைந்து வருடமாகிவிட்ட இஸ்திரிப் பெட்டியின் அட்டைகூடக் கம்பி குத்திப் பத்திரமாக இருக்கிறது. ஒரு தடவையாவது எதற்காவது இழப்பீடு கேட்டிருப்பாரா என்றால் அதுவும் கிடையாது. கேட்பதற்கு எதுவும் உடைந்ததில்லை. உடைகிற அளவுக்கு எதையும் அவர் புழங்க விட்டதில்லை.

அந்தக் குணம் இப்போது காப்பி வரைக்கும் வந்துவிட்டதை நினைத்தபோது அவளுக்குச் சுருக்கென்றது. காலைக் காப்பி அவருடைய பொறுப்பு. ஓய்வு பெற்ற பின் தானாக முன்வந்து எடுத்துக்கொண்ட ஒரே வேலை. விளிம்பு தளும்பக் குடித்துப் பழகியவளுக்குப் பொங்கலில் இருந்து அரை டம்ளர்தான் வருகிறது. கேட்டால், “மிச்சம் சட்டில கெடக்கு, வேணும்னா ஊத்திக்கிடு” என்பார். எழுந்து போய் ஊற்றிக் குடிக்க அவளுக்குக் கால் இருக்கிறது, மனம்தான் இல்லை. பால் விலை ஏறியது உண்மைதான். அதற்காக இரண்டு ஓய்வூதியம் வருகிற வீட்டில், மகளும் பெங்களூரில் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும்போது, அரை டம்ளரா? போதாக்குறைக்கு, பொங்கல் கழிந்த மறு வாரம் வெங்காயம் நறுக்கும் வேலையையும் பிடுங்கிக்கொண்டார். “பொழுது போவல” என்று ஒரு காரணம். அவர் நறுக்கும் வெங்காயம் மாட்டுக்குப் போடுகிற அளவில் இருக்கும். ஓய்வு பெற்ற ஆண்களுக்கு இரண்டாம் வருடம் வருகிற நோய் இது என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்: முதல் வருடம் செய்தித்தாள், இரண்டாம் வருடம் அடுப்படி. சரி, இன்று அதற்கெல்லாம் கோபப்படுகிற நாள் இல்லை. நெடுநாளைக்குப் பிறகு அவள் சந்தோஷமாக இருந்தாள். புதன்கிழமையில் இருந்தே இருக்கிறாள். அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் சந்தோஷத்தைச் சொன்னால் அதற்கு முந்திய பயத்தையும் சொல்ல வேண்டிவரும்.

பயம் ஒரு பறவையில் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் விடியும் முன்னே கிளம்பி, மூலைக்கரைப்பட்டி வழியாகப் போகும் பேருந்தில் ஏறி, கூந்தன்குளத்தில் இறங்கிக் குளக்கரையில் தனியாக நடப்பது அவளுடைய பழக்கம். பணியில் இருந்த காலத்தில் முப்பத்திரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைத்தாள். இப்போது பூநாரை பார்க்கிறாள், இதில் யாரும் அவளைக் கேள்வி கேட்கக் கூடாது. மகள் புழங்கிக் கழித்த கைபேசியில் அவற்றைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கார்த்திகையில் எடுத்த படங்கள் எல்லாமே கலங்கியிருந்தன. பூநாரைகள் தண்ணீரில் கரைத்த குங்குமம் மாதிரித் தெரிந்தன. கைபேசிக்கு வயதாகிவிட்டது என்று மகளுக்கு எழுதினாள். அதற்கு அடுத்த வாரம் திருக்கார்த்திகை, அகல்களுக்கு எண்ணெய் விட உட்கார்ந்தாள். ஏழாவது அகலில் எண்ணெய் உள்ளே விழாமல் தரையில் கோலம் போட்டது. கையைப் பார்த்தாள். அது அவளைக் கேட்காமல் ஆடிக்கொண்டிருந்தது. கைபேசிக்கு வயதாகவில்லை. அன்று துணியால் எண்ணெயைத் துடைத்தவள், அந்த நினைப்பைத் துடைக்க முடியாமல் நாலு மாதம் சுமந்தாள்: டம்ளர், சாவி, கையெழுத்து, வாயில் வராத அந்த வியாதியின் பெயர், அது வந்து கட்டிலோடு கிடந்த தன் அலுவலக மேலாளர், அவர் வாயில் ஸ்பூனால் ஊற்றப்பட்ட கஞ்சி. வீட்டில் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். குற்றாலநாதன் அவளுக்கு உறை போடுவார். அடுப்பு, அரிவாள்மணை, வெந்நீர், பேருந்துப் படி, குளத்தங்கரை, வழுக்குப் பாறை என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாக அவளிடம் இருந்து வாங்கி, துடைத்து, அலமாரியில் வைத்துவிடுவார். ரிமோட் மாதிரி உள்ளே இருந்து அமுங்கிக்கொண்டு மிச்சக் காலத்தைக் கழிக்க வேண்டியதுதான். அதனால் புதன்கிழமை ‘பென்ஷன் விஷயம்’ என்று பொய் சொல்லிவிட்டுத் தனியாக நரம்பு மருத்துவரிடம் போனாள். அவர் அவளைக் கையை நீட்டச் சொன்னார், ஒரு கோப்பையில் இருந்து மறு கோப்பைக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார், தாளில் நடுவில் இருந்து சுற்றிச் சுற்றி ஒரு சுருள் வரையச் சொன்னார். அவள் வரைந்தது நனைந்துபோன கொசுவர்த்திச் சுருள் போல இருந்தது. அவர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, “நீங்க நெனச்சுப் பயப்படுற வியாதி இது இல்லம்மா. வெறும் நடுக்கம். போகவும் போகாது, கொல்லவும் கொல்லாது” என்றார். வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்று, ஒரு கரும்புச்சாறு வாங்கி, பாதியைப் புடவையில் சிந்தி, பாதியைக் குடித்தாள். வாழ்நாளில் அத்தனை இனிப்பான சாற்றை அவள் குடித்ததில்லை.

ஆகவே புதுக் கைபேசி. இன்று காலை பர்வீன் இந்த மாதிரியைக் கையில் எடுத்து, அதை வேண்டுமென்றே ஆட்டிக்கொண்டே தொலைக்காட்சித் தாமரையைப் படம் பிடித்து, “பாருங்கம்மா, கை ஆடினாலும் படம் ஆடாது” என்றபோது ஆவுடைநாயகி வலது கையைச் சட்டென்று மடிக்குள் இழுத்துக்கொண்டாள். இவளுக்கு எப்படித் தெரிந்தது? பிறகுதான், பக்கத்து மேசையில் கல்லூரிப் பையன்களிடம் இன்னொருவன் அதே வாக்கியத்தை அதே ராகத்தில் சொல்வது காதில் விழுந்தது. விற்பனை வசனம். ஆனால் அந்த வசனம் போகவில்லை. கை ஆடினாலும் படம் ஆடாது என்று உள்ளே சுற்றிச் சுற்றி வந்தது. ஆடும் கையை மன்னித்து ஆடாத படத்தைக் கொடுக்கும் கருவி ஒன்றை எவனோ உட்கார்ந்து செய்திருக்கிறான். அவன் நன்றாக இருக்கட்டும். சரி, படம் ஆடாது. கைபேசி விழாதா? விழும். குளத்துக்குள்ளேயே விழும். இங்கேதான் பர்வீன் விட்டுச் சென்ற கேள்வி மறுபடி வந்து புடவைத் தலைப்பைப் பிடித்தது.

இத்தனை காலமும் அவளுக்கு இதில் சந்தேகமே இருந்ததில்லை. எக்ஸ்டெண்டட் வாரண்டி என்பது சுத்த ஏமாற்று. முதல் வருடத்தைத் தயாரித்தவனே பார்த்துக்கொள்கிறான், கெட்டுப்போகிற சாமான் அந்த வருடத்திலேயே கெட்டுப்போகும், தாண்டிவிட்டால் நாலைந்து வருடத்துக்கு அசையாது, அசையாத அந்த நடு வருடங்களுக்குத்தான் இவர்கள் காசு கேட்கிறார்கள். உடைந்தால், நனைந்தால் என்று போடும் காப்பீடு கொஞ்சம் மேல், ஆனால் அதன் நிபந்தனைகளை எழுதுகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று அவளுக்குத் தெரியும், அவளே அப்படி ஒருத்திதான். தொலைந்தால் கிடையாது, திருடு போனால் உண்டு. திருட்டிலும் பூட்டு உடைந்திருக்க வேண்டும், போலீசில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இரண்டு நாளைக்குள் தெரிவிக்க வேண்டும். தேய்மானம் என்று பாதியைக் கழிப்பார்கள், ஒவ்வொரு தடவையும் நம் பங்காக ஒரு தொகை கட்டச் சொல்வார்கள். தாங்க முடியாத நஷ்டத்துக்குத்தான் காப்பீடு; கைபேசி உடைந்தால் எரிச்சல் வரும், குடும்பம் தெருவுக்கு வராது. அலுவலகத்தில் யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வாள். ஆனால் அந்தக் கணக்கு ஆடாத கைக்குப் போட்ட கணக்கு. ஆயிரம் பேர் கட்ட, முப்பது பேர் உடைக்க, மிச்சத்தில் நிறுவனம் பிழைக்கிறது. அந்த முப்பதில் தான் கட்டாயம் இருப்பாள் என்று தெரிந்தவளுக்கு இந்தத் திட்டம் கொள்ளை லாபம். கண்ணை மூடிக்கொண்டு கட்டலாம். இந்த இடத்தில்தான் எண்ணம் முள்ளில் மாட்டிய துணியாக நின்றது, ஏனென்றால் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு கட்டியவர்களின் கோரிக்கைகளைத்தான் அவள் முப்பத்திரண்டு வருடம் தள்ளுபடி செய்தாள். கேட்டாலும் கேட்காவிட்டாலும் தனக்குப் பாதகமானதைத் தானே முன்வந்து சொல்ல வேண்டும், மறைத்தால் ஒப்பந்தமே செல்லாது. அந்தத் தொழிலின் அஸ்திவாரம் அது. அம்பாசமுத்திரத்துத் தையல்காரர் ஒருவர், சர்க்கரை நோயைச் சொல்லாமல் மருத்துவக் காப்பீடு எடுத்தவர், கால் விரலை வெட்டிய கட்டோடு அவள் மேசைக்கு எதிரே வந்து நின்றார். “கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் தாயி, ஏசண்டுல்லா எல்லாத்துக்கும் டிக் போட்டாம்” என்றார். அவள் விதியைச் சொன்னாள். விதி சரிதான், இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வாள். ஆனால் அவர் சட்டைக் காலரில் குத்தியிருந்த ஊசியும் அதில் தொங்கிய வெள்ளை நூலும் இன்னும் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. அவருக்கு ஒரு விதி, தனக்கு ஒரு விதியா?

பர்வீன் பெட்டியோடு வந்து, “என்னம்மா, திட்டம் போட்டுருவோமா? ஓடிபி மட்டும் சொன்னா போதும்” என்றாள். “முன்மொழிவுப் படிவம் எங்கே?” என்றாள் ஆவுடைநாயகி. “என்ன படிவம்மா?” “என்னைப் பத்தி ஏதாவது கேக்கணுமே. யாரு, எப்படி வச்சுப் பொழங்குவா, உடம்புக்கு என்ன.” பர்வீன் சிரித்தாள். “போனுக்குத்தாம்மா இன்சூரன்ஸ், ஒங்களுக்கு இல்ல.” அப்போதுதான், நாலு மாதம் கணவரிடம் சொல்லாததை, மகளிடம் சொல்லாததை, கண்ணாடி முன்னால்கூட வாய்விட்டுச் சொல்லாததை, ஆவுடைநாயகி ஒரு கடைப்பெண்ணிடம் சொன்னாள், அதுவும் அலுவலகக் குரலில், எழுத்தர் குறிப்பெடுப்பதற்குச் சொல்வதுபோல. “எனக்கு வலது கை நடுங்கும். நிச்சயம் கீழ போடுவேன். இத மறச்சு நான் இன்சூரன்ஸ் எடுக்க மாட்டேன். எங்கயாவது எழுதிக்கிடுங்க.” மடிக்குள் இருந்த கையை எடுத்து மேசைமேல் வைத்தாள். கண்ணாடியில் வளையல் கிணுகிணுவென்று தட்டியது. பர்வீன் கையைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி கையைப் பார்த்தாள். “சிஸ்டத்துல அதுக்குக் கட்டமே இல்லயேம்மா.” “அப்ப பில்லுக்குப் பின்னால எழுதிச் சீல் வைங்க.” “நீங்க சொல்லாதீங்க, யாரும் கேக்க மாட்டாங்க.” “யாரும் கேக்க மாட்டாங்கங்கிறதுக்குத்தான் சொல்லுதேன்.” பர்வீன் வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொல்லிக் கடை மேலாளரை அழைத்தாள், அவர் கழுத்துப் பட்டையைச் சரிசெய்தபடி வந்து, கடை முழுவதும் கேட்கும் குரலில், “யாருக்குக் கை நடுங்குது?” என்றார். துணி துவைக்கும் இயந்திரங்களின் பக்கம் ஒரு மூடி டப்பென்று விழுந்தது. ஆவுடைநாயகி அந்தப் பக்கம் திரும்பவில்லை. போச்சு, இவ்வளவுதான், நாளைக்குக் கூந்தன்குளம் கிடையாது, பாலித்தீன் உறை வந்துகொண்டிருக்கிறது என்று மட்டும் நினைத்தாள். நினைத்தாளே ஒழிய, ஆச்சரியமாக, தோள்பட்டையில் இருந்து என்னவோ இறங்கினாற்போல இருந்தது. “அதெல்லாம் எழுதிச் சீல் வைக்க முடியாது மேடம், பின்னாடி கிளைம் வந்தா எங்களுக்குத்தான் தலைவலி” என்றார் மேலாளர். “உண்மையக் கேட்டா தலைவலி வர்ற திட்டம் எனக்கு வேண்டாம்” என்றாள் ஆவுடைநாயகி. அவர் போய்விட்டார். பர்வீன் குனிந்து இழுப்பறைக்குள் துழாவிக்கொண்டே தாழ்ந்த குரலில் பேசினாள்: “இந்த வாரம் இன்னும் மூணு திட்டம் நான் போட்டாகணும்மா. இருந்தாலும் சொல்லுதேன், ஒங்களுக்கு அது வேண்டாம். எங்க உம்மாக்கும் இப்படித்தான் கை ஆடும். மேலப்பாளையத்துல பீடி சுத்துறாவ. தூளு கொட்டுதுன்னு மடில ஒரு துண்ட விரிச்சுக்கிட்டாவ, அவ்வளவுதான், சுத்து நிக்கல.” ஒரு கறுப்புக் கயிறு கட்டிய உறையை மேசைமேல் வைத்தாள். “கழுத்துல மாட்டிக்கிடுங்க. விழுந்தா நெஞ்சுலதான் விழும்.” இருநூற்றைம்பது ரூபாய். வாழ்நாள் முழுவதும் படித்த எந்தக் காப்பீட்டு ஒப்பந்தமும் இத்தனை தெளிவாக எழுதப்பட்டதில்லை என்று ஆவுடைநாயகிக்குப் பட்டது. வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

குற்றாலநாதன், வாசல் பக்கத்து இயந்திரத்தில் பிடித்த இரண்டு காகிதக் கோப்பை டீயை, சாமி ஊர்வலத்தில் விளக்குக் கொண்டுவருவதுபோல் கண்ணெடுக்காமல் சுமந்து வந்தார். இரண்டும் விளிம்பு வரை நிரம்பியிருந்தன. அவள் கழுத்தைப் பார்த்து, “என்னட்டி இது, கன்னுக்குட்டிக் கயிறா?” என்றார். அவள் அடுத்து வரப்போவதற்காகக் காத்திருந்தாள். அவர் தன் கோப்பையில் இருந்து சூட்டோடு இரண்டு வாய் இழுத்தார், மூன்றாவதும் இழுத்தார், பிறகு அவளுடைய கோப்பையைச் சாய்த்து அதில் பாதியைத் தன்னுடையதில் ஊற்றிக்கொண்டார், பாதி மட்டும் இருந்த கோப்பையை அவளிடம் நீட்டினார். பலநாள் செய்து கைக்குப் பழகிப்போன வேலையைச் செய்கிறவர்போல, தொலைக்காட்சித் தாமரையைப் பார்த்துக்கொண்டே. ஆவுடைநாயகி அதை வாங்கினாள். டீ ஆடியது, உள்ளேயே அலைந்தது, விளிம்புக்கு எட்டவில்லை, ஒரு சொட்டு சிந்தவில்லை. அரை டம்ளர். பால் விலை இல்லை, பொழுது போகாததும் இல்லை. அவளுக்கு முகம் சூடாகிவிட்டது. எத்தனை காலை, அந்த அரை டம்ளருக்காக மனத்துக்குள் அவரை எத்தனை வார்த்தை திட்டியிருப்பாள்!

“எப்பத்துல இருந்து?” என்றாள்.

“எது?”

“நடிக்காதீங்க. இந்த அரை.”

“பொங்கலன்னைக்கு. நீ கிண்டும்போது கரண்டி பான விளிம்புல டக்டக்குனு தட்டிக்கிட்டே கெடந்துச்சு.” டீயை ஊதினார். “கூடத்துல எனக்குக் கேட்டுச்சு.”

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?”

“நான் எதுக்குக் கேக்கணும்? கேக்காட்டாலும் சொல்லணுங்கிறது ஒங்க ஆபீஸ் சட்டம்தான? முப்பது வருஷம் ராத்திரிச் சோத்துல அதத்தான தொட்டுக்கிட்டேன்.” அவர் சிரிக்கவில்லை. கோப்பையை மேசையில் வைத்தார், அதைச் சரியாக நடுவில் நகர்த்தினார். “புதன்கிழமை டாக்டர் என்ன சொன்னாரு?”

“டாக்டர்னு யாரு சொன்னா?”

“பென்ஷன் ஆபீசுக்குப் போறவ புடவை பூரா கரும்புச்சாறோட திரும்பி வந்து பாடிக்கிட்டே துணி மடிக்க மாட்டா.” மூன்று நாளாக அந்தப் பாட்டை மட்டும் பிடித்துக்கொண்டு இந்த மனிதர் இருந்திருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

“கொல்லாதாம்” என்றாள். “போகவும் போகாதாம்.”

“பெறகென்ன” என்றார் குற்றாலநாதன். சட்டைப் பையில் இருந்து கைக்குட்டையை எடுத்து, கண்ணாடியைக் கழற்றி, அதில் இல்லாத தூசியை வெகுநேரம் துடைத்தார்.

“நாளைக்கு நான் கூந்தன்குளம் போவேன்.”

“போ. யாரு வேண்டாம்னா? அந்தக் கயித்த மட்டும் கழட்டிராத.” பர்வீன் பெட்டியைத் திறந்து புதுக் கைபேசியை வெளியே எடுத்ததும் அவருக்குப் பழைய உயிர் திரும்பிவிட்டது. “ஏம்மா, மேல ஒட்டியிருக்க தாள அப்படியே விட்ரு, பிய்ச்சிராத, கீறல் படாம கெடக்கும். பெட்டியும் வேணும். வாரண்டி கார்டு எங்க?” ஆவுடைநாயகி கையை நீட்டிக் கைபேசியை வாங்கினாள். வலது கைதான். அந்தத் தாளின் முனையைப் பிடிக்க அவளுக்கு மூன்று தடவை ஆயிற்று. அவர் ‘குடு நான்’ என்று சொல்லவில்லை, பர்வீனும் சொல்லவில்லை. நாலாவது தடவை முனை அகப்பட்டது. சர்ரென்று ஒரே இழுப்பில் உரித்துத் தாளை அவர் கையில் வைத்தாள். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்; கோப்பில் சேர்த்துவிடுவார், சேர்க்கட்டும். பிறகு அவள் தன் கோப்பையில் இருந்த அரை டீயை ஒரு மிச்சம் இல்லாமல் குடித்து முடித்து, காலிக் கோப்பையை அவர் முன்னால் நீட்டினாள். கோப்பை ஆடியது. அவள் அதை மறைக்கவில்லை.

“அந்த மிச்சம் என்னோடது. ஊத்துங்க.”